மெக்கானிக் கேட்காத கேள்வி

டீச்சர் பைக்கின் செல்ஃப் பொத்தானை மூன்றாவது தடவையாக அழுத்தினாள். இன்ஜின் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது, ஆனால் பற்றிக்கொள்ளவில்லை. விரலை எடுத்ததும் வாசல் அமைதியாகிவிட்டது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கட்டிலில் படுத்திருந்த அவள் கணவரின் மூச்சு மட்டும் இழுத்து இழுத்துக் கேட்டது.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. காலையில் வந்த நர்ஸ் நாடியைப் பார்த்துவிட்டு, மகளைத் தனியாக அழைத்து, இனி மணிக்கணக்குதான் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். தனியாகச் சொன்னது டீச்சர் காதிலும் விழுந்தது. முப்பது வருஷம் கடைசி பெஞ்சுக் கிசுகிசுப்பைக் கேட்டுப் பழகிய காது அது. நாற்பது வருஷம் மெக்கானிக்காக இருந்த மனுஷன், போவதற்குள் தன் வண்டிச் சத்தத்தை ஒரு தடவை கேட்டுவிட்டுப் போகட்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். அப்படி ஆசைப்பட்ட அன்று பார்த்துத்தான் இந்த வண்டி முரண்டு பிடித்தது.

இதில் கூத்து என்னவென்றால், பதினோரு நாளாக அந்த வண்டியைக் கெடுத்துக்கொண்டிருந்ததே அவள்தான்.

முதல் நாள் அது தெரியாமல் நடந்தது. சும்மா நிறுத்தினால் வீணாகிவிடும், தினமும் காலையில் ஸ்டார்ட் செய் என்பது அவருடைய உத்தரவு. அன்று பெட்ரோல் டேப்பைத் திறக்க மறந்துவிட்டாள். இரண்டு நாளாகப் பேச்சில்லாமல், பால்கூட வேண்டாமென்று சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர், அந்த வெற்றுச் சுற்றலைக் கேட்டதும் புரண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். டேப்பைப் பார் என்றார். திறந்தாள், வண்டி பற்றியது. அன்று மத்தியானம் ஒரு டம்ளர் பாலையும் சொட்டு விடாமல் குடித்துவிட்டு, மகள் ஏன் இப்படி இளைத்துப் போயிருக்கிறாள் என்று விசாரித்தார்.

மறுநாள் விடிந்ததும், பல் விளக்குவதற்கு முன்பே, டீச்சர் வாசலுக்குப் போய் பிளக் மூடியைப் பிடுங்கிவிட்டு வந்து சாதுவாக நின்றாள்.

அவள் பூகோளம் எடுத்தவள். எந்த நதி எங்கே புறப்பட்டு எந்தக் கடலில் விழுகிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். ஆனால் டேங்கில் ஊற்றும் பெட்ரோல் எந்த வழியாக எங்கே போகிறது என்று முப்பத்தாறு வருஷம் பின் சீட்டில் உட்கார்ந்தும் தெரிந்துகொண்டதில்லை. ஒரு வண்டியைக் கெடுக்க வேண்டுமென்றால் அது எப்படி ஓடுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அவருடைய பழைய கையேட்டைச் சமையலறையில் மறைத்து வைத்துப் படித்தாள். தினம் ஒன்றாக எதையாவது கழற்றினாள், அடைத்தாள், தளர்த்தினாள். அவர் படுத்தபடி காதால் கேட்டே கண்டுபிடித்தார். ஏழாம் நாள் சைலன்சரில் ஒரு துணியை வைத்து அடைத்துவிட்டு, யாரோ பசங்க வேலை என்று முகம் மாறாமல் சொன்னாள். ஆமாம், இந்தத் தெருப் பசங்க மோசம் என்று அவரும் ஒத்துக்கொண்டார். அந்தத் தெருவில் ஐம்பது வயதுக்குக் கீழே ஆண்பிள்ளையே கிடையாது.

ஒன்றுதான் அவளுக்கு உறுத்தலாக இருந்தது. பட்டறையில் அவர் ஸ்பானரைத் தொடுவதற்கு முன்னால், வந்தவரை ஸ்டூலில் உட்காரவைத்து, “நேத்து வண்டியை என்ன பண்ணினீங்க?” என்று கேட்பார். ஒன்றும் பண்ணவில்லை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். விட மாட்டார். காலையிலிருந்து வரிசையாகச் சொல்லச் சொல்வார். மச்சானுக்கு இரவல் கொடுத்தது, மழையில் நின்றது, தண்ணீர் பீச்சிக் கழுவியது என்று பேச்சு வாக்கில் கோளாறு தானாக வெளியே வந்து விழும். அந்தக் கேள்வியை இந்தப் பதினோரு நாளில் ஒரு தடவைகூட அவர் அவளிடம் கேட்கவில்லை. நோவில் மறந்துவிட்டார் போல, நல்லதாகப் போயிற்று என்று அவளும் இருந்துவிட்டாள்.

நான்காவது தடவை அழுத்தப் போனபோது உள்ளேயிருந்து கூப்பிட்டார். அவளை அவர் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். போய்க் கட்டில் ஓரமாக உட்கார்ந்தாள்.

“டீச்சர், நேத்து வண்டியை என்ன பண்ணினே?”

“சத்தியமா இன்னைக்கு நான் ஒண்ணும் பண்ணலைங்க.”

சொல்லி முடித்த பிறகுதான் ‘இன்னைக்கு’ என்ற வார்த்தை அவள் காதிலேயே விழுந்தது. அவருக்குச் சிரிக்கக் காற்று இல்லை, தோள் மட்டும் குலுங்கியது.

“அப்படி வா வழிக்கு. சைலன்சர்ல அடைச்சியே, அது என் நல்ல பனியன்.”

“தெரிஞ்சுமா கேக்காம இருந்தீங்க?”

“கேட்டா நீ சொல்லிடுவே. அப்புறம் மறுநாள் எனக்கு என்ன வேலை?”

அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஏமாற்றிக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்த இத்தனை நாளும் இந்த மனுஷன் அவளுக்காக ஏமாந்துகொண்டிருந்திருக்கிறார். இவ்வளவு பிரியத்தை எங்கே வைத்திருந்தார்?

ஆனால் அவருக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. இது நிஜக் கோளாறு என்று தெரிந்ததும் கண்ணில் வெளிச்சம் வந்துவிட்டது. நேற்று செய்ததைக் கேட்டார். கார்புரேட்டரின் அடித்திருகைத் தளர்த்தி அதிலிருந்த பெட்ரோலையெல்லாம் ஒழுக விட்டதையும், அவர் கண்டுபிடித்துச் சொன்னதும் இறுக்கியதையும் சொன்னாள். அதற்குள் அவர் அயர்ந்து தூங்கிவிட்டதால் ஸ்டார்ட் செய்து பார்க்கவில்லை. பிறகு மகள் கேனில் பெட்ரோல் வாங்கி வந்து டேங்கை விளிம்பு வரை நிரப்பினாள். அவ்வளவுதான்.

பிளக்கைக் கழற்றிப் பார்க்கச் சொன்னார். கழற்றிக் கொண்டுவந்து காட்டினாள். சுத்தமாகக் காய்ந்திருந்தது.

“பெட்ரோல் கீழ இறங்கலை. டேப்?”

“திறந்துதான் இருக்கு.”

“டேங்க் ரொம்பியிருக்கு, டேப் திறந்திருக்கு, இறங்கலை.” கண்ணை மூடிக்கொண்டார். யோசிக்கும்போது எப்போதும் செய்வதுபோல் கீழுதடு உள்ளே போயிற்று. “நல்லா யோசிச்சுச் சொல்லு டீச்சர். இன்னும் என்னவோ பண்ணியிருக்கே.”

அவள் யோசித்தாள். உண்மையாகவே ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. வரும், இருங்க, என்றாள். அவர் உதடு உள்ளே போனபடியே இருந்தது. அப்படியே தூங்கினார். பதினொன்றரை மணிக்கு மகள் வெந்நீரோடு வந்தபோது மூச்சு நின்றிருந்தது. மகள் கூப்பிட்டபோதும் டீச்சர் உடனே எழுந்திருக்கவில்லை. அவர் யோசித்துக்கொண்டிருக்கிறார் என்றே நினைத்து அவ்வளவு நேரமும் பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு மணிக்குள் வீடு நிறைந்துவிட்டது. அவருடைய அக்கா வந்து பொறுப்பை எடுத்துக்கொண்டாள். யார் எங்கே உட்காருவது, யாருக்குத் தண்ணீர் கொடுப்பது என்று எல்லாம் அவள் குரல்தான். நாலு மணிக்கு அமரர் ஊர்தி வண்டி வந்துவிடும் என்றாள். முன்னறைக்கு மாற்றப்பட்டிருந்த அவரைச் சுற்றி நாற்காலிகள். டீச்சரை நடுவில் உட்காரவைத்திருந்தார்கள். அவளைத் தேற்றினார்கள், அவளும் தலையாட்டினாள். ஆனால் மனம் முழுக்க அந்தக் கேள்வியில் இருந்தது. பதில் சொல்லாமல் அவரை அனுப்பிவிடக் கூடாது என்று ஒரே தவிப்பு.

முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்து, வாசலுக்குப் போய்விட்டாள்.

அவர் இருந்தால் அடுத்து என்ன சொல்லியிருப்பார்? கார்புரேட்டருக்குப் போகும் குழாயைப் பிடுங்கச் சொல்லியிருப்பார். பிடுங்கினாள். பெட்ரோல் நாலு சொட்டு விழுந்து நின்றது. குழாயை ஊதிப் பார்த்தாள், அடைப்பு இல்லை. டேங்கில் நிஜமாகவே பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க மூடியைத் திறந்தாள். யாரோ பெருமூச்சு விட்டதுபோல் ‘உஸ்’ என்று ஒரு சத்தம். உடனே கீழே குழாயிலிருந்து பெட்ரோல் கடகடவென்று அவள் பாதத்தில் கொட்டியது. அவசரமாக டேப்பை மூடினாள்.

மூடியைத் திருப்பிப் பார்த்தாள். காற்று உள்ளே போக அதில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை. கையேட்டில் படித்திருக்கிறாள். காற்று போனால்தான் பெட்ரோல் இறங்கும். அந்தத் துளையில் வெள்ளையாக என்னவோ காய்ந்து அடைத்திருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்தாள்.

பாலிஷ்.

நேற்று சாயங்காலம் வண்டிக்குப் பாலிஷ் போட்டது அவள்தான். காலையில் அவர் பார்க்கும்போது பளபளவென்று இருக்கட்டும் என்று, கைப்பிடியிலிருந்து டேங்க் மூடி வரை அழுத்தி அழுத்தித் தேய்த்திருந்தாள். பதினோரு நாள் வேண்டுமென்றே கெடுத்தபோதெல்லாம் சொன்னபடி கேட்ட வண்டி, ஆசையாகத் துடைத்ததில் மூச்சடைத்துவிட்டது.

டீச்சர் சத்தமாகச் சிரித்துவிட்டாள். மகள் பயந்துபோய் ஓடிவந்தாள். தாயின் கையிலிருந்த மூடியையும் தரையில் கிடந்த குழாயையும் பார்த்தாள். அவளும் மெக்கானிக் மகள்தான், பார்த்ததும் புரிந்துகொண்டு குழாயை மாட்டினாள்.

“ஸ்டார்ட் பண்ணிப் பாக்கட்டுமாம்மா?”

“அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல உங்கப்பாகிட்ட சொல்லணும்.”

பெட்ரோல் நாற்றத்தோடு உள்ளே வந்தவளைப் பார்த்து அவருடைய அக்கா மூக்கைச் சுளித்தாள். டீச்சர் ஒரு ஸ்டூலை இழுத்து அவர் தலைமாட்டில் போட்டுக்கொண்டு குனிந்தாள். பாலிஷ் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் அவருக்கு அப்படிச் சொன்னால் பிடிக்காது, வரிசையாகச் சொல்ல வேண்டும்.

“நேத்து விடிகாலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சேங்க,” என்று ஆரம்பித்தாள்.

திருகைத் தளர்த்தியது, அவருக்கு முகம் துடைத்துவிட்டது, விரிப்பு மாற்றியது, நகம் வெட்டிவிட்டது, வலது கால் கட்டை விரல் வலிக்கிறது என்று அவர் சொன்னது என ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டு போனாள். நாலு மணிக்கு வண்டி வந்தது. தூக்க வந்தவர்கள் வாசற்படியிலேயே நின்றார்கள். அவருடைய அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள்.

டீச்சர் அப்போதுதான் நேற்றைய காலை பத்து மணிக்கு வந்திருந்தாள்.