எந்தப் பக்கம் சொரசொரப்பு

குழாய் உறைந்திருந்தது. கெட்டிலில் கொதித்த தண்ணீரைக் கொண்டுவந்து அதன் கழுத்தில் ஊற்றினேன். மணி ஏழு. இஞ்சியோன் துறைமுகப் பக்கம் வானம் இன்னும் வெளுக்கவில்லை. ஷட்டருக்கு வெளியே மூன்று கார்கள் உறைபனியைப் போர்த்திக்கொண்டு நின்றன. புத்தாண்டுக்கு ஒன்பது நாள் இருந்தது. ஊருக்குப் போகிறவர்களுக்கெல்லாம் கார் பளபளக்க வேண்டும். சொந்தக்காரன் முதலில் முகத்தையா பார்க்கிறான், காரைத்தானே பார்க்கிறான்.

குழாய் வழிக்கு வந்ததும் வேலை தொடங்கியது. நுரை அடித்துக் கழுவினோம். கதவின் அடிப்பக்கம் இரும்புத் தூளை இளக்கும் மருந்தைத் தெளித்தோம். அது அழுகிய முட்டை நாற்றத்தோடு ஊதா நிறத்தில் வழிந்தது. அதையும் கழுவி, துணியால் ஒற்றி எடுத்தோம். ஒற்றுகிற துணி பாதியிலேயே விறைத்தது. அந்தப் பக்கம் கூட வேலை செய்யும் போங்கில் அண்ணன் பாலிஷ் எந்திரத்தைப் போட்டார். அது பழைய எந்திரம், பிடி உடைந்து நாடா சுற்றியிருக்கும். போட்டால் பல்லுக்குள் வரை அதிரும். நான் அதைப் பிடித்து ஆறு வருஷம், அவர் பதினேழு வருஷம்.

ஷெட்டுக்குள் முன்பு ஓர் எண்ணெய் அடுப்பு இருந்தது. போன குளிர்காலத்தில் அதை வாடிக்கையாளர் உட்காரும் அறைக்கு மாற்றினார்கள். மணிக்கு ஒரு முறை கையைச் சூடு காட்டப் பத்து நிமிஷம் விடுவார்கள், அதுவும் நின்றது. ஒரு நாளைக்கு மூன்று கார் என்றிருந்தது ஐந்து கார் ஆனது. சம்பளம் மட்டும் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை. எந்திரத்தை மாற்றுங்கள் என்று கேட்டோம். முதலாளி தாக் உண்மையிலேயே ஓர் எந்திரம் வாங்கினார். காபி போடுகிற எந்திரம். வாடிக்கையாளர் அறையில் வைத்தார்.

நாங்கள் நான்கு பேர். போங்கில் அண்ணன், நான், சோல்கூ, சுன்ஹ்வா. என் பெயர் மால்சுக். முதலாளி என்னைச் சித்தி என்பார். அவருக்கு நாற்பத்தொன்று, எனக்கு ஐம்பத்துமூன்று. என் அக்காள் எவளும் அவரைப் பெறவில்லை. வேலைக்காரப் பெண்பிள்ளைக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சோம்பல், அவ்வளவுதான்.

எங்கள் தொழிலில் எல்லாம் கடைசியில் பெயின்ட்டுக்கு மேல் பூசுகிற சீலன்டில் வந்து நிற்கும். சின்னக் கட்டையில் துணி சுற்றி, நான்கு சொட்டு விட்டு, குறுக்கும் நெடுக்குமாகத் தடவ வேண்டும். வானவில் மாதிரி நிறம் ஓடும். அது மங்குவதற்குள் துடைத்துவிட வேண்டும். பிறகு அது கண்ணாடியாய் இறுகிவிடும். அடியில் என்ன இருந்ததோ அது வெளியே வராது. அதனால் பூசுவதற்கு முன் ஒருவர் கை பார்க்க வேண்டும். கிம்ச்சி பிசைகிற மெல்லிய பிளாஸ்டிக் கையுறையை மாட்டிக்கொண்டு விரல் நுனியால் வண்டி முழுக்கத் தடவுவது. வெறுங்கைக்குத் தெரியாத துகள்கூட அந்தப் பிளாஸ்டிக்குக்குள் மணல் மாதிரி நெருடும். நெருடும் இடத்தில் களிக்கட்டியை வைத்து உருட்டி எடுத்துவிட்டுத்தான் பூசுவோம்.

எங்கள் கடையில் கை பார்ப்பவர் போங்கில் அண்ணன். அவர் சரி என்றால் சரி. சோல்கூவுக்கு அந்த இடத்தின் மேல் ஒரு கண். முப்பத்தெட்டு வயதுக்காரன், வாய் சும்மா இருக்காது. "அண்ணன் கைக்குத் தனியா இன்சூரன்ஸ் போடணும்" என்று ஊசி குத்துவது போலச் சொல்வான். அண்ணன் சிரித்துவிட்டுப் போவார்.

போன குளிர்காலத்தில் ஒரு நாள் அண்ணன் காகிதக் கோப்பையில் காபி கலந்துகொண்டிருந்தார். வெந்நீர் கோப்பையை விட்டு விலகி அவர் விரல்மேல் ஊற்றியது. ஊற்றிக்கொண்டே இருந்தது. அவர் என்னைப் பார்த்து ஏதோ பேசிக்கொண்டிருந்தார். நான்தான் கெட்டிலைப் பிடுங்கினேன். விரல்களைப் பார்த்தேன். இரண்டாவது கணு வரை மெழுகுவத்தி வெள்ளை. ஆஸ்பத்திரிக்குப் போனாராம். குளிர்ந்த தண்ணீரில் கையை வைக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, எந்திரத்தின் அதிர்வு செய்த வேலை, இனி எந்திரம் தொடாதே என்று டாக்டர் எழுதிக் கொடுத்தாராம். அந்தக் காகிதத்தை நான்காய் மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். வெளியே சொல்லாதே என்றார். மனைவிக்கு வாரம் மூன்று நாள் சிறுநீரக சிகிச்சை. சொன்னால் வேலை போய்விடும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அன்றிலிருந்து நான் அவருக்கு முன்னால் போனேன். ஓரம் மறைக்க ஒட்டுகிற நீல நாடா எப்போதும் என் இடுப்பில் தொங்கும். கண்ணாடி துடைக்கிற சாக்கில் கையுறையோடு தடவிப் பார்த்து, நெருடும் இடத்தில் நகமளவு நாடாவை ஒட்டிவிட்டு நகர்வேன். பின்னால் அவர் பெரிய வைத்தியர் மாதிரி தடவிக்கொண்டே வருவார். நாடா இருக்கிற இடத்தில் நின்று "இங்க" என்பார். ஒரு வருஷம் இப்படி ஓடியது. கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்க்கிற முதலாளிக்கு ஒன்றும் தெரியவில்லை.

அந்த வெள்ளைக் கார்தான் வினையாய் வந்தது. புத்தம் புதிது, ரயிலில் வந்து இறங்கியது. புதுக் காருக்குப் பாலிஷ் வேண்டாம், கழுவி, கை பார்த்து, சீலன்ட் பூசினால் போதும். பூசி அனுப்பினோம். மூன்றே வாரத்தில் திரும்பி வந்தது. பானெட் முழுக்கப் பழுப்புப் புள்ளி. ரயில் பாதையில் பறந்து ஒட்டிய இரும்புத் துகள், சீலன்டுக்கு அடியில் உட்கார்ந்து துருப்பிடித்திருந்தது. மொத்தத்தையும் சுரண்டி எடுத்து மறுபடி செய்ய வேண்டும்.

நான் அன்றைக்கு எப்போதும் போல முன்னால் போய்ப் பார்த்திருந்தேன். ஒரு நாடாகூட ஒட்டவில்லை, அவ்வளவு வழவழப்பு. நான் பார்த்த பிறகுதான் ஏதோ படிந்திருக்கும், அண்ணன் விட்டிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

குழாய் உறைந்திருந்த அந்தக் காலையிலேயே முதலாளி ஷெட்டுக்குள் வந்துவிட்டார். அண்ணன், ரயில் தூசு எல்லா வண்டியிலும் இருக்கும் என்று ஏதோ சமாதானம் சொல்லப் பார்த்தார்.

"நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு" என்றார் முதலாளி. "யாருக்குக் கை இருக்கு, யாருக்குக் கை இல்லன்னு இன்னிக்கே பாத்துடலாம்."

மூலையில் கிடந்த பழைய பானெட் ஒன்றை இரண்டு மர முக்காலிகள்மேல் தூக்கி வைக்கச் சொன்னார். அதில் ஒரு பாதியைக் களி உருட்டிச் சுத்தம் செய்வாராம், மறு பாதியை அப்படியே விடுவாராம். சாப்பாடு முடிந்ததும் ஒவ்வொருவராகக் கண்ணைக் கட்டிக்கொண்டு தடவி, எந்தப் பக்கம் சொரசொரப்பு என்று சொல்ல வேண்டும். சொல்ல முடியாதவன் புத்தாண்டுக்கு ஊருக்குப் போகலாம், திரும்ப வர வேண்டியதில்லை.

பின்னறையில் சோயாக் குழம்பைச் சுற்றி உட்கார்ந்தோம். அண்ணன் கரண்டியை எடுக்கவில்லை. மடித்த காகிதத்தை எடுத்து நடுவில் வைத்தார். சுன்ஹ்வா படித்துவிட்டு சோல்கூவிடம் தள்ளினாள். அவன் படித்துவிட்டுத் திருப்பித் தள்ளினான். அதை வைத்துத் தொழிலாளர் அலுவலகத்தில் நஷ்ட ஈடு கேட்கலாமாம், ஆனால் கூட வேலை செய்தவர்கள் எந்த எந்திரம், தினம் எத்தனை மணி நேரம் என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம். யாரிடம் போய்க் கேட்பது என்று இத்தனை நாள் பேசாமல் இருந்துவிட்டாராம்.

"நானே போயிடறேன். என்னால உங்களுக்கெல்லாம் எதுக்குத் தொந்தரவு" என்றார்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. குழம்பு ஆறிக்கொண்டிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் குளிர்காலம் முழுக்க எனக்கு எதுவும் சரியாக வரவில்லை, கோபமோ அழுகையோ.

சுன்ஹ்வாதான் பேசினாள். சீனாவில் இருக்கிற யான்பியனிலிருந்து வந்தவள், அந்த ஊர் இழுவை இன்னும் போகவில்லை. தங்குவதற்கான அனுமதியை அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டும். எங்கள் எல்லாரையும்விட அவளுக்குத்தான் பயம் அதிகம் இருக்க வேண்டும்.

"ஒருத்தருக்குத் தெரியலன்னா அவரை அனுப்புவாரு" என்றாள். "நாலு பேருக்கும் தெரியலன்னா?"

நான் சோல்கூவைப் பார்த்தேன். அவன் மட்டும் "தெரியுது" என்றால் போதும், கை பார்க்கும் இடம் அவனுக்கு. அவன் சோற்றுக் கிண்ணத்தைச் சுரண்டிச் சுரண்டிச் சாப்பிட்டான். வாயில் கொழுக்கட்டை. எழுந்து கிண்ணத்தைக் கழுவப் போய்விட்டான்.

ஒரு மணிக்கு முதலாளி முதலில் கூப்பிட்டது அவனைத்தான். கண்ணில் துண்டைக் கட்டினார்கள். கையுறையை மாட்டிக்கொண்டு இடது பாதியில் தடவினான், வலது பாதியில் தடவினான். மறுபடி இடது. எனக்கு அவன் விரலைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

"ரெண்டும் ஒண்ணுதான் முதலாளி."

"நல்லாப் பாருடா."

"நல்லாத்தான் பாத்தேன். ரெண்டும் ஒண்ணுதான்."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அடுத்து சுன்ஹ்வா. இரண்டு தடவலில் முடித்துக்கொண்டாள், தெரியவில்லை என்றாள். முதலாளியின் காது சிவந்தது.

"சித்தி, நீங்க வாங்க. நீங்களாவது மனசாட்சியோட சொல்லுங்க."

துண்டைக் கட்டிக்கொண்டேன். சொல்ல வேண்டிய பொய் வாயில் தயாராக இருந்தது. ஆனால் எந்தப் பக்கம் என்று எனக்கு மட்டுமாவது தெரிந்துகொள்ளலாமே என்று தடவினேன். இடது பாதி வழுக்கிக்கொண்டு போனது. வலது பாதியும் வழுக்கிக்கொண்டு போனது. இருக்காது என்று மெதுவாகப் போனேன். ஓரம் வரை போய்த் திரும்பினேன். அழுத்திப் பார்த்தேன். விரலை மாற்றிப் பார்த்தேன். பானெட் மேல் என் கை இருக்கிறது என்பதே தோளில்தான் தெரிந்தது.

அந்த வெள்ளைக் காரின் வழவழப்பு நினைவுக்கு வந்தது.

"என்ன சித்தி, தூங்கிட்டீங்களா?"

"தெரியல" என்றேன். "எனக்கு ஒண்ணுமே தெரியல."

என் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். துண்டை அவிழ்த்தபோது மூன்று பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் தடவவே இல்லை. அவர் பாட்டுக்கு வந்து என் பக்கத்தில் நின்று, எனக்கும் தெரியாது என்றார்.

"நாடகமாடறீங்களா?" முதலாளி ஒரு கையுறையை உருவி மாட்டிக்கொண்டார். கண்ணை இறுக மூடிக்கொண்டு பானெட்டைத் தடவினார். வலது பக்கம் கை போன உடனே நின்றது. "இதோ! இங்க! உப்புத்தாள் மாதிரி இருக்கு. பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். உங்களுக்குத் தெரியலையா?"

"உங்களுக்குத் தெரியும் முதலாளி" என்றார் போங்கில் அண்ணன். "அது எந்திரம் பிடிக்காத கை."

முதலாளியின் கை பானெட்மேலேயே இருந்தது. பிறகு அதை எடுத்துக் கையுறையைக் கழற்றினார். கழற்ற நேரம் பிடித்தது.

"அப்ப நாலு பேரையும் அனுப்பிடட்டுமா?"

"அனுப்புங்க" என்றான் சோல்கூ. "வாசல்ல ஆறு வண்டி நிக்குது. நல்ல கை உங்ககிட்ட இருக்கே, நீங்களே பாருங்க."

முதலாளி அலுவலக அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கண்ணாடி வழியாக அவர் போனில் யாரிடமோ பேசுவது தெரிந்தது. வேறு ஆள் கேட்கிறாரோ, எங்கள் மேல் புகார் கொடுக்கிறாரோ, தெரியாது. நாங்கள் எந்திரத்தைப் போடவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கவிழ்த்த வாளிகள்மேல் உட்கார்ந்தோம். சோல்கூ வாடிக்கையாளர் அறைக்குப் போய் எண்ணெய் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்து நடுவில் வைத்தான். அங்கே காத்திருந்த ஒருவர் ஏதோ கேட்டாராம், எங்களுக்குக் குளிருது சார் என்று சொல்லிவிட்டு வந்தானாம்.

சோல்கூ பொய் சொன்னானா, அவனுக்கும் உண்மையிலேயே தெரியவில்லையா என்று நான் இன்றுவரை கேட்டதில்லை.

அவன் கையெழுத்து அழகாக இருக்கும், அண்ணனுக்கு வேண்டிய சாட்சிக் கடிதத்தை அவனே எழுதினான். எந்த எந்திரம், எத்தனை வருஷம், தினம் எத்தனை மணி நேரம், அடுப்பு எந்த மாதம் போனது, எல்லாம். போங்கில் அண்ணன் பெயரை எழுதி நிறுத்தினான். என்னைப் பார்த்தான். அதற்குக் கீழே என் பெயரையும் எழுதச் சொன்னேன். நாளை காலை நான்கு பேரும் சேர்ந்தே தொழிலாளர் அலுவலகத்துக்குப் போவது என்று முடிவானது. போனால் கிடைக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

அண்ணனிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "அந்த வெள்ளைக் காரு உங்க தப்பு இல்லண்ணே. முன்னாடி போனது என் கை. அதுவும் செத்துப்போன கைதான் போல."

"அப்ப ஒரு வருஷமா உன்னை நம்பியா நான் தடவிக்கிட்டு வந்தேன்?" என்றவர் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு இருமலாக மாறும் வரை சிரித்தார். சுன்ஹ்வாவும் சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு ஏதோ ஒன்று வந்ததே என்றிருந்தது.

ரசீதில் முத்திரை குத்துகிற சிவப்பு மைப் பெட்டியை சோல்கூ திறந்து நீட்டினான். கட்டை விரலை மையில் தோய்த்துக் காகிதத்தில் வைத்தேன். சிவப்பு தெரிந்தது, அழுத்துகிறேனா இல்லையா என்பது தெரியவில்லை. சுன்ஹ்வா எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்து, விரலை அவளே அழுத்தினாள்.

"பதிஞ்சுதா?" என்று கேட்டேன்.

"பதிஞ்சுதுக்கா" என்றாள். அவள் கை சூடாக இருந்தது. மணிக்கட்டில் அது எனக்குத் தெரிந்தது.