மாந்தோப்பு வழி

யஸ்வந்த் வாயைத் திறந்தாலே கலைவாணிக்கு வயிறு எரியும். அமெரிக்காவில் படித்துவிட்டுத் திருப்பதிக்குத் திரும்பி வந்தவன். வந்த மறுமாதமே, கரடி ஆராய்ச்சி முழுவதையும் ஆபீஸ் தலைவி வரலட்சுமி அவன் கையில் கொடுத்துவிட்டாள். வருஷக்கணக்கில் முள்ளில் நடந்து கரடிச் சாணம் பொறுக்கிய கலைவாணி, அவனுக்கு அடுத்த நாற்காலியில் உட்கார வேண்டியதாயிற்று.

இரண்டு காடுகள். நடுவில் சாலையும் ஊர்களும் தோப்புகளும். தாயைப் பிரிந்த இளங்கரடி இந்தக் காட்டிலிருந்து அந்தக் காட்டுக்கு எப்படிப் போகும்? கலைவாணி ஓடையோரம் என்றாள். யஸ்வந்த் கம்ப்யூட்டரைத் தட்டி, எந்த நிலத்தில் நடப்பது எவ்வளவு சிரமம் என்று எண் போட்டு, பங்காருபாளையம் மாந்தோப்புகள் வழியே பச்சைக் கோடு இழுத்தான். கோடு அழகாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

தை மாதக் கூட்டத்தில் அவன் அவளிடமே கேட்டான். "கலா, தோப்புல ஆள் நடமாட்டம் இருக்குமா? நீ அந்த ஊர்தானே."

அவளைப் பெற்ற நைனா தோப்புக் காவல்காரர். காய் முற்றினால் தோப்புக்குத் தோப்பு குடிசை, நாய், வெடி என்று ஊரே அங்கே குடியேறிவிடும். பழ வாசனைக்குக் கரடி வரும் என்று சிலர் திருட்டுத்தனமாகக் கரண்டுக் கம்பியும் கட்டுவார்கள். தையில் பூ மட்டும்தான். அவன் போய்ப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது.

சீசனில் வெடிச் சத்தத்துக்குக் கரடிகள் திரும்பி ஓடட்டும், பச்சைக் கோடு சந்தி சிரிக்கட்டும் என்று நினைத்தாள். "யாரும் இருக்க மாட்டாங்க. காடு மாதிரிதான் கெடக்கும்" என்றாள்.

கரடிகள் பச்சைக் கோட்டு வழியே போகட்டும் என்று ஓடைப்பக்கம் வேலி போட்டு அடைத்தார்கள். தோப்புப்பக்கம் திறந்துவிட்டார்கள்.

வைகாசியில் போன் வந்தது. இரண்டு பேரும் ஜீப்பில் போனார்கள். மாமரத்தடியில் இளம் பெண்கரடி ஒன்று செத்துக் கிடந்தது. காலில் கம்பி சுற்றியிருந்தது. வாயில் பாதி மென்ற பழம். கம்பி கட்டியவன் ஓடிப்போயிருந்தான்.

வெடிக்கு மிரண்டு ஓடும் என்றுதானே நினைத்தாள். கம்பியை அவள் மறந்திருக்கவில்லை. நினைக்காமல் இருந்துகொண்டாள், அவ்வளவுதான்.

யஸ்வந்த் கரடியின் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தான்.

"தோப்புக்குச் சிரம நம்பரை ஏத்திப் போடலாமான்னு ரோசன பண்ணிக்கினுதான் இருந்தேன் கலா. நீ சொன்னப்புறம் வுட்டுட்டேன். உன் மேல தப்பில்ல, நான்தான் சீசன்ல வந்து பாத்திருக்கணும். மேடத்துக்கிட்ட சொல்லிட்டேன், இனிமே நீயே நடத்து."

அவள் ஆசைப்பட்ட நாற்காலி. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். அதற்குள் அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"ஆபீஸ்ல எல்லாருக்கும் என்னைப் பாத்தா வயித்தெரிச்சல். நீ ஒருத்திதான் அப்படியில்ல."