ஐஸ் டாக்டர்

எங்கள் அறையில் எனக்கு ஐஸ் டாக்டர் என்று பெயர். தொழில் டைல்ஸ் ஒட்டுவது. அதிகப்பிரசங்கித்தனத்துக்குக் கிடைத்த பட்டம் அது.

தொற்று பரவியதும் எங்கள் வெளிநாட்டுத் தொழிலாளர் கேம்ப் வாசலில் தினமும் காலையில் நெற்றிக்கு நேரே காய்ச்சல் பார்க்கும் கருவியை நீட்ட ஆரம்பித்தார்கள். முப்பத்தேழரை டிகிரியைத் தாண்டினால் அறையில் இருக்கும் பன்னிரண்டு பேருக்கும் பூட்டு. எதிர் அறைக்காரர்களைப் பதினான்கு நாள் பூட்டிவைத்து, அப்படியே வேலையைப் பறித்து ஊருக்கு விமானம் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். நான் சும்மா இருப்பேனா? ஐஸ் தண்ணீரில் நனைத்த துணியை வரிசையில் நிற்கும்போது நெற்றியில் வை, வாசல் நெருங்கியதும் துடைத்துவிடு என்றேன். எவன் காய்ச்சலும் மாட்டவில்லை. ஆளாளுக்கு என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

அப்புறம் மாப்பிள்ளைக்கு வந்தது. என் தங்கை புருஷன். அவனை இங்கே இழுத்து வந்ததே நான்தான். நாலு நாளாக அவன் நெற்றிக்கு என் கையாலேயே துணி வைத்தேன்.

"மச்சான், ரெண்டு படி ஏறினாலே மூச்சு வாங்குது."

"சளிதான் மாப்ளே. இருமாம நில்லு."

அப்படிச் சொன்ன வாய் புழுத்துப் போக.

மூன்றாம் நாளிலிருந்து தங்கை என் போனில்தான் அவனைத் தேடினாள். "அண்ணே, அவரு ஏன் பேச மாட்டேங்கிறாரு? நல்லா இருக்காருல்ல?"

"சாப்பிட்டுத் தூங்குறாரும்மா."

ஐந்தாம் நாள் நெற்றியிலிருந்து துணியை எடுத்ததும் வரிசையிலேயே மடங்கி உட்கார்ந்துவிட்டான். உதடு நீலம் பாரித்திருந்தது. வேறு யாரையோ ஏற்ற வந்த ஆம்புலன்ஸ் வாசலில் நின்றது. அதில் வந்த நர்ஸை இழுக்காத குறையாகக் கூட்டி வந்தேன். அவர் மாப்பிள்ளையின் நெற்றிக்கு நேரே கருவியை நீட்டினார். முப்பத்தாறு. வாசலில் தினமும் குறித்துவைக்கும் நோட்டைப் புரட்டினார்.

"அஞ்சு நாளா காய்ச்சலே இல்லையே. காய்ச்சல்காரங்களுக்கே வண்டியில இடம் பத்தல. ரூம்ல படுக்க வைங்க."

நான் வாயெடுத்தேன். பின்னால் நின்ற எங்கள் அறைப் பிளம்பர் என் சட்டையைப் பிடித்தார்.

"டாக்டரே, வாயத் தொறக்காத. எல்லார் வயித்துலயும் அடிச்சிடாத."

அவர் சொன்னதும் நியாயம்தான். அவருக்கு மூன்று பெண்பிள்ளைகள். டிரைவர் வண்டியைக் கிளப்பத் தயாராக இன்ஜினைப் போட்டார். மாப்பிள்ளை என்னைப் பார்த்தபடி வாயால் காற்றை இழுத்துக்கொண்டிருந்தான். பிளம்பரின் கையை உதறினேன்.

"அது பொய்க் கணக்கு சிஸ்டர். நான்தான் ஐஸ் வெச்சேன். தெனமும் வெச்சேன். எங்க ரூமே வெச்சுது. அக்குள்ல வெச்சுப் பாருங்க."

நர்ஸ் என்னை ஒரு பார்வை பார்த்தார். பையிலிருந்து வேறொரு தெர்மாமீட்டரை எடுத்து அவன் அக்குளில் செருகினார். முப்பத்தொன்பதரை. உடனே ஸ்ட்ரெச்சருக்குக் கத்தினார்.

மாப்பிள்ளையின் முகத்தில் ஆக்ஸிஜனை மாட்டி ஏற்றிக்கொண்டு போனார்கள். பத்து நிமிடத்தில் எங்கள் அறைக்கு வெளிப்பூட்டு விழுந்தது. பதினோரு பேர். யாரும் என்னை டாக்டர் என்று கூப்பிடவில்லை. பிளம்பர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

போன் அடித்தது.

"அண்ணே, எந்திரிச்சிட்டாரா? நல்லா இருக்காருல்ல?"

அறையே என்னைப் பார்த்தது.

"இல்லம்மா," என்றேன். "அஞ்சு நாளா காய்ச்சல்."

காய்ச்சல் என்ற வார்த்தை எங்கள் அறைக்குள் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டது.