நான்காவது கவுண்டர்

தாரணியின் கையில் ஏழு பில்கள் இருந்தன. பட்டுக்கு இரண்டு, வேட்டிக்கு ஒன்று, ரவிக்கைத் துணிக்கு ஒன்று, அத்தைகளுக்கும் சித்திக்கும் எடுத்த சேலைகளுக்கு மூன்று. எல்லாவற்றிலும் பணம் கட்டிய முத்திரை விழுந்தாயிற்று. துணிகள் அந்தந்த மாடியிலிருந்து தரைத்தளத்து டெலிவரி கவுண்டருக்கு வந்துவிடும். பில்லைக் காட்டி வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான் பாக்கி. அங்கேதான் அம்மாவும் அவளும் முக்கால் மணி நேரமாக நின்றுகொண்டிருந்தார்கள்.

அக்காவின் கல்யாணத் துணியை தி.நகரில் இந்தக் கடையில்தான் எடுப்பேன் என்று அம்மா சுந்தரவல்லி ஒரே பிடியாக நின்றாள். வேறு கடைக்குப் போகலாம் என்று தாரணி இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். ஏன் என்று அம்மா கேட்டதும் கூட்டத்தைக் காரணம் சொன்னாள்.

மூன்று வரிசைகள் இருந்தன. ஜனவரியில் நான்கு.

"எந்த மகராசன் இந்த ஏற்பாட்டைப் பண்ணானோ, அவனையே ஒரு நாள் இங்க கொண்டாந்து நிறுத்தணும்" என்றாள் அம்மா. பின்னால் நின்ற பெண் சிரித்தாள். தாரணி பில்களை மறுபடி எண்ணினாள்.

அடையாறில் ஒரு கல்லூரியில் அவள் ஆபரேஷன்ஸ் ரிசர்ச் படித்தாள். முதுகலை, கடைசி வருடம். எதை எந்த வரிசையில் எத்தனை பேரை வைத்துச் செய்தால் நேரம் மிச்சமாகும் என்று கணக்குப் போடும் படிப்பு. அப்பா உறவினர்களிடம் கம்ப்யூட்டர் என்று சொல்லிவிடுவார். அவளும் திருத்துவதில்லை. ஜனவரியில் நான்கு சனிக்கிழமைகள் இதே இடத்தில் தூண் ஓரமாக நின்று, கவுண்டருக்கு வருகிறவர்கள் எத்தனை நொடியில் கிளம்புகிறார்கள் என்று ஸ்டாப்வாட்சில் பார்த்துக் குறித்தாள். அதுதான் அவளுடைய ப்ராஜெக்ட்.

முதல் நாள் அரை மணி நேரம்கூட நின்றிருக்கமாட்டாள். நான்காவது கவுண்டரில் இருந்த அமீனா பீ தன் ஸ்டூலைக் காலால் அவள் பக்கம் தள்ளிவிட்டார். மற்ற மூன்று கவுண்டர்களில் ஒருவருக்குச் சராசரி ஒரு நிமிடம் ஆனது. நான்காவதில் கிட்டத்தட்ட மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடங்களைத் தாரணி அமீனா பீயின் ஸ்டூலில் உட்கார்ந்துதான் அளந்தாள்.

வகுப்பில் படித்த சூத்திரத்தில் எண்களைப் போட்டதும் விடை சுத்தமாக வந்தது. நான்காவது கவுண்டரை எடுத்துவிட்டாலும் ஒருவர் காத்திருக்கும் நேரம் நாற்பது நொடிதான் கூடும்.

ஆனால் மூன்றாவது சனிக்கிழமை அவள் ஒன்றைப் பார்த்திருந்தாள். முதல் கவுண்டருக்கு ஒருவர் கத்தையாகப் பில்களோடு வந்தார். அங்கிருந்த பையன் கத்தரிக்கோலால் மேசையில் இரண்டு முறை தட்டினான். அமீனா பீ கையை உயர்த்தினார். அந்த ஆள் நான்காவதுக்குப் போனார். அதன்பிறகு கவனித்தால் அப்படித்தான் நடந்தது. மூன்று பில்லுக்கு மேல் என்றால் இரண்டு தட்டு. ஆறு மாடித் துணிகளையும் தேடிச் சேர்த்து, ஒவ்வொன்றாகப் பில்லோடு சரிபார்த்து, கட்டைப்பையில் அடுக்கித் தரும் வேலையெல்லாம் அமீனா பீயிடம்தான் போயிற்று.

தாரணி நோட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதினாள்: "2 தட்டு?" கேட்டுவிடலாம் என்று மூன்று முறை எழுந்தாள். பேக்கிங் பையன்கள் அவளைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். மூன்று முறையும் உட்கார்ந்துவிட்டாள்.

வாடிக்கையாளர்கள் இரண்டு வகை என்று எடுத்துக்கொண்டால் அந்தச் சூத்திரம் செல்லாது. எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். ஒப்படைக்க ஒன்பது நாள்தான் இருந்தது. அறிக்கையின் பதினோராம் பக்கத்தில், அனுமானங்கள் என்ற தலைப்பின் கீழ், அவள் ஒரு வரி டைப் செய்தாள்: வரும் வாடிக்கையாளர்கள் அனைவரும் ஒரே தன்மையினர். ஒரு பிரதியைக் கடைக்குக் கொடுக்க வேண்டும் என்பது அனுமதிக்கான நிபந்தனை. கொடுத்துவிட்டு, ஷெல்ஃபில் போட்டுவிடுவார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வரிசை ஒரு அடி நகர்ந்தது. மேனேஜர் ஜவஹர் அவளைப் பார்த்துவிட்டு வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்.

"அம்மா, இவங்க உங்க மகளா? நாலு கவுண்டர மூணாக்கலாம்னு கணக்குப் போட்டுக் குடுத்தது இவங்கதாம்லா. மொதலாளி படிச்சிட்டு அசந்துட்டாங்க. வேற ரெண்டு பிராஞ்சுலயும் செய்யச் சொல்லியிருக்காங்க."

அம்மாவின் முகம் மலர்ந்தது. சற்று முன் சபித்ததெல்லாம் எங்கே போயிற்றோ, பின்னால் நின்ற பெண்ணிடம் திரும்பி என் இரண்டாவது பெண்தான் என்றாள். அந்தப் பெண் இந்த முறை சிரிக்கவில்லை. தாரணியை மேலும் கீழும் பார்த்தாள்.

வந்தபோது அம்மா வாசலில் கொடுத்த பையை வாங்கி வரும் சாக்கில் தாரணி டோக்கனோடு வெளியே வந்தாள். பை வைக்கும் இடம் வெயில் விழுகிற பக்கம் இருந்தது. அமீனா பீ ஒரு பெரிய பையை இரண்டு கைகளாலும் தூக்கி மேல்தட்டில் ஏற்றிக்கொண்டிருந்தார். அங்கே ஸ்டூல் இல்லை.

"இன்னா பாப்பா, வாட்ச்சு புட்ச்சிக்கினு குந்தியிருந்தியே, நீதானே? பரிச்சை முட்ச்சிட்டியா?"

திங்கட்கிழமை வைவா என்றாள் தாரணி. நீங்கள் உள்ளே இல்லையா என்று மெதுவாகக் கேட்டாள்.

"இங்க போட்டுட்டாங்கமா. என் கை ஸ்லோன்னு யாரோ எழுதிக் குட்த்தாங்களாம். இருக்கும், வயசாவுதில்ல. இருவது வருசம் நான் ஃபாஸ்ட்டுன்னு நெனச்சிக்கினு இருந்துட்டேன் பாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். தாரணி பையைக் கேட்காமலே உள்ளே நடந்தாள். 

ஜவஹரிடம் போய், பதினோராம் பக்கம் தப்பு என்றாள். அவர் அடக்கம் என்று நினைத்துக்கொண்டார். அவள் திரும்பவும் சொன்னபோது முகம் மாறியது. "என்னம்மா சொல்லுதீங்க. மொதலாளி ஒத்துக்கிட்டு மூணு மாசம் ஆச்சு. இப்பப் போயி நான் என்னன்னு சொல்லட்டும்?" தப்பு என்றால் பேராசிரியர் கையெழுத்தோடு எழுத்தில் கொண்டு வரச் சொல்லிவிட்டார்.

அந்தக் கையெழுத்துக்கு என்ன விலை என்று அவளுக்குத் தெரியும். ப்ராஜெக்ட் செல்லாமல் போனால் வைவா நவம்பருக்குத் தள்ளிப்போகும். சோழிங்கநல்லூர் கம்பெனி கொடுத்த வேலைக் கடிதத்தில் ஜூலை முதல் வாரம் சேர வேண்டும் என்று இருந்தது. பட்டமில்லாமல் சேர முடியாது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை முழுவதும், மந்தைவெளி வீட்டில், அம்மா ஒவ்வொரு அத்தைக்கும் போன் செய்து கடை முதலாளியே அசந்துபோனதைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

திங்கள் காலை பேராசிரியர் சந்திரிகாவின் அறையில் தாரணி நோட்டைத் திறந்து, ஓரத்தில் இருந்த பென்சில் எழுத்தைக் காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெகுநேரம் அதையே பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. தெரியாமல் செய்தாயா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றாள். அவர் வைவா பட்டியலை எடுத்து அவள் பெயரை அடித்தார். பிறகு, பதினோராம் பக்கம் தப்பு என்று அவள் எழுதி வந்திருந்த கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை ஜவஹர் கடிதத்தை வாங்கி மேசை டிராயரில் வைத்தார். மறுபடி அளந்துகொண்டு வாருங்கள், பிறகு மேலிடத்தில் பேசிப் பார்க்கிறேன் என்றார். அதற்கு மேல் எதுவும் தரவில்லை.

தாரணி வாசலுக்கு வந்தாள். ஒரு குடும்பம் பைகளைக் கொடுத்துவிட்டு நகரும்வரை காத்திருந்தாள்.

"கை ஸ்லோன்னு எழுதிக் கொடுத்தது நான்தான்."

அமீனா பீயின் கை டோக்கன் பலகையில் நின்றது. "நீயா" என்றார். கேள்வியாக இல்லை. பிறகு கேட்டார், "கத்திரிய தட்றத நீ பாக்கலியா?"

பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம்.

"பார்த்தேன்."

"பாத்துட்டா எழுதுன?"

தாரணி ஆமாம் என்று தலையசைத்தாள். பின்னால் வந்தவர் பையை நீட்டினார். அமீனா பீ வாங்கி, மேல்தட்டில் ஏற்றி, டோக்கன் கொடுத்துவிட்டு வந்தார்.

"நாலடி தள்ளித்தானே நின்னுக்கினு இருந்தேன். ஒரு வார்த்த கேக்கக் கூடாதா? நான் இன்னா கட்ச்சா வெச்சிருப்பேன்?"

 அமீனா பீ கையை நீட்டினார்.

"பையக் குடு. உள்ள உட மாட்டாங்க."

பையைக் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டாள். நோட்டும் வாட்சும் கையில் இருந்தன. தூண் ஓரமாகப் போய் நின்றாள். இந்த முறை நோட்டுப் பக்கத்தில் பில் எத்தனை என்று ஒரு கட்டம் கூடுதலாக இருந்தது.

முதல் கவுண்டருக்கு ஒரு வயதான தம்பதி ஐந்து பில்களோடு வந்தார்கள். அந்தப் பையன் பழக்கத்தில் கத்தரிக்கோலை எடுத்து மேசையில் இரண்டு முறை தட்டினான். கையை உயர்த்த அந்தப் பக்கம் யாருமில்லை. ஒரு நொடி விழித்துவிட்டு, பில்களைத் தானே வாங்கிக்கொண்டான். பின்னால் வரிசை நின்றது.

தாரணி அதை எழுதினாள். பேனாவில்.