அலசாத பியூரெட்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. பொய் என்னுடையது அல்ல. அதை மறுக்காமல் நின்ற வாய் என்னுடையது. ஆகவே பாதிக் கதை எனக்குச் சேரும் என்று நினைத்து எழுதுகிறேன்.

முதல் தொடக்கம்: “வேதியியல் ஆசிரியர்களுக்கான மூன்று நாள் செய்முறைப் பயிற்சி இனிதே…” அடித்துவிட்டேன். அது அறிவிப்புப் பலகையின் குரல்.

இரண்டாவது: “பத்தாம் வகுப்பில் நான்…” இதையும் அடித்தேன். நான் பத்தாம் வகுப்புக்கே போகவில்லை. ஒன்பதாவதில் அம்மா படுத்த படுக்கையானார். அவர் எழுந்து நடமாடத் தொடங்கியபோது என் வயதுப் பிள்ளைகள் இரண்டு வகுப்பு மேலே போய்விட்டார்கள். சின்னப் பிள்ளைகளோடு உட்காரக் கூச்சமாக இருந்தது. கதைக்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டும்போலத் தோன்றுகிறது. என்னிடம் இல்லை.

2

பயிற்சி மையத்து ஆய்வகத்தில் கண்ணாடிச் சாமான்களைக் கழுவி அடுக்குவது என் வேலை. பள்ளிக்கூடத்தில் எனக்கு மிச்சமிருந்த ஒரே துண்டு அதுதான். [இந்த வாக்கியம் கொஞ்சம் அழகு காட்டுகிறது. உண்மை என்பதால் இருக்கட்டும்.]

பயிற்சிக்கு வரும் ஆசிரியர்கள் ஒரு மணி நேரத்தில் பிள்ளைகளாகிவிடுவார்கள்.

“உங்களுக்கு எவ்ளோ வந்துச்சு?”

“இருபது மில்லி.”

“அப்ப எனக்கும் இருபதுன்னே போட்டுக்கறேன்.”

“உங்க பசங்க இப்படிப் பார்த்து எழுதினா தோலை உரிச்சிடுவீங்களே!”

பயிற்சி நடத்துபவரை மனதுக்குள் ‘சொட்டு சார்’ என்பேன். “சொட்டு சொட்டா விடுங்க” என்று நாளெல்லாம் சொல்வார். பியூரெட் என்பது அளவுக்கோடு போட்டு, அடியில் திருகு வைத்த நீண்ட கண்ணாடிக் குழாய். எவ்வளவு நன்றாகக் கழுவினாலும் உள்ளே தண்ணீர் ஒட்டியிருக்கும். அதனால் அதில் எந்தக் கரைசலை ஊற்றப் போகிறோமோ, அதே கரைசலால் முதலில் ஒருமுறை அலசிக் கொட்ட வேண்டும். இல்லையென்றால் கரைசல் நீர்த்துப்போய்க் கணக்கு கூடிவிடும். கழுவுவது என் வேலை. அலசுவது நிரப்புகிறவர் வேலை.

3

இந்த முறை வந்த பன்னிரண்டு பேரில், ஒன்பதாவதில் எனக்குப் பாடம் எடுத்த டீச்சரும் ஒருவர்.

எங்கள் பள்ளியில் ஆய்வகம் என்றொரு அறை உண்டு, பூட்டியே கிடக்கும். டீச்சர் வண்ணச் சுண்ணக்கட்டியால் பலகையில் பியூரெட் வரைவார். அவ்வளவு நேர்த்தி. பலகையில் வரைகிற பியூரெட் நிரம்பியே பிறக்கும். அதை யாரும் அலச வேண்டியதில்லை.

மூன்றாம் நாள் காலைதான் பியூரெட் மேசைக்கு வந்தது. தொட்டியருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். டீச்சர் பியூரெட்டை எடுத்தார், நேராகக் கரைசலை ஊற்றினார். எல்லோருக்கும் இருபது. அவருக்கு இருபத்தொன்று.

“டீச்சர், ஊத்துறதுக்கு முன்னாடி கரைசலால அலசினீங்கதானே?” என்றார் சொட்டு சார்.

பதினொரு பேரும் திரும்பினார்கள். பாதிப்பேர் அவருக்கு இளையவர்கள்.

“அலசாம இருப்பேனா சார்? பத்தொன்பது வருஷமா சொல்லிக்குடுக்கறேன்.”

“அப்ப கழுவுறதுலதான் கோளாறு. ஏம்மா, சோப்பு போகக் கழுவினியா?”

[இந்த இடத்தில் மூன்று வரைவுகளில் நான் பேசினேன். ஒன்றில் கைதட்டல்கூட வாங்கினேன்.]

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா, இல்லை என்றா, எனக்கே தெரியவில்லை.

“நாளையிலேர்ந்து தரைய மட்டும் பாரு. கண்ணாடியத் தொடாத.”

4

இந்த டீச்சரைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். கை தங்குதடையின்றி ஓடியது. அதனாலேயே சந்தேகம் வந்து கிழித்தேன்.

ஏனென்றால் மதியம் அவர் சாப்பாட்டு டப்பாவைக் கழுவத் தொட்டிக்கு வந்தார். என் முகத்தையே பார்த்தார்.

“நீ… மூணாவது பெஞ்சு, ஜன்னலோரம். அந்தப் பொண்ணுதானே?”

“ஆமா டீச்சர்.”

“ஏன்டி படிப்ப விட்ட?”

“அம்மாவுக்கு முடியல. அப்புறம்… கூச்சமாயிடுச்சு.”

“எங்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

[நீங்கள் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே டீச்சர் என்று… வேண்டாம்.]

அவர் குழாயை இன்னும் வேகமாகத் திறந்துவிட்டார், குரல் வெளியே கேட்காதபடி.

“இன்னிக்குத்தான் பியூரெட்டக் கையால தொடறேன். சிரிக்காத.”

“சிரிக்கல டீச்சர்.”

“நான் அலசல. நீ பார்த்த, இல்ல?”

நான் டப்பாவை வாங்கித் துடைத்தேன்.

“சாயங்காலம் சார்கிட்ட எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன். உன் வேலையக் கெடுத்துட்டு நான் போகமாட்டேன்.”

5

சாயங்காலம். சான்றிதழ்கள் மேசைமேல் இருந்தன. “யாராவது ஏதாவது சொல்லணுமா?” என்றார் சொட்டு சார். டீச்சர் கையை உயர்த்தினார்.

ஒரு முடிவு: “நான்தான் சார் அலசல. அந்தப் பொண்ணு மேல தப்பில்ல.” யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் ஒருவர் மெதுவாக, “நானும்தாங்க” என்றார்.

இன்னொரு முடிவு: “சார், எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு. சான்றிதழ முதல்ல குடுத்துடறீங்களா?”

எது நடந்தது என்று கேட்காதீர்கள். தரை துடைத்த ஈரம் காய்வதற்குள் நான் இதை எழுதி முடிக்க வேண்டும். ஒன்றை எழுதிவிட்டால் டீச்சர் அந்த ஒரு வாக்கியத்தோடு முடிந்துபோவார். அதற்கு மனம் வரவில்லை. உயர்த்திய கையோடு அவரை அங்கேயே நிறுத்துகிறேன்.

அடுத்த வரியை நீங்கள் எழுதுங்கள். எதை எழுதினாலும் சரி, அந்தக் கை உயர்ந்ததை மட்டும் விட்டுவிடாதீர்கள்.