எலேனா தீவு மண்

கப்பல் மேஸ்திரி கஸ்பார் கட்டைவிரலால்தான் தீர்ப்புச் சொல்வார். மாலுமியின் முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் அழுத்துவார். விரலை எடுத்ததும் பள்ளம் நிரம்பிவிட்டால் ஆள் கப்பலில் இருக்கலாம். பள்ளம் அப்படியே நின்றால் தீவில் இறங்க வேண்டியதுதான். அடுத்த வருடம் கோவாவிலிருந்து இன்னொரு மிளகுக் கப்பல் வரும். அதுவரை உயிர் தங்கினால் லிஸ்பன் போய்ச் சேரலாம்.

எலேனா தீவு கண்ணில் பட்ட காலையில் பல்தசார் தன் தங்கை கணவன் தோமேயின் காலை அழுத்திப் பார்த்தான். பள்ளம் விழுந்தது. நிரம்பவில்லை.

"எவ்ளோ ஆழம் மச்சான்? மிளகு கொட்டி வைக்கலாமா?" என்றான் தோமே.

"வாயை மூடு மாப்ளே. நாத்தம் தாங்கல."

நாற்றம் பொய்யில்லை. ஈறுகள் கறுத்து வீங்கிப் பற்களைப் பாதி மூடியிருந்தன. கல்யாணத்துக்கு முன்பே ஆறிப்போன கத்திக் காயம் ஒன்று தோளில் மறுபடியும் வாய் பிளந்திருந்தது. கப்பலில் பாதிப் பேருக்கு இதே கதிதான். நன்னம்பிக்கை முனையைத் தாண்டியதிலிருந்து வாரத்துக்கு இரண்டு பேரையாவது கடலில் இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

தோமே சட்டென்று பல்தசாரின் கையைப் பிடித்தான். "என்னை மட்டும் தீவுல விட்டுடாத. அங்க இறக்கினவன் செத்தவன்தான். நான் கிளம்பறப்ப உன் தங்கச்சி நிறைமாசம். பொறந்தது ஆணா பொண்ணான்னுகூட எனக்குத் தெரியாது. ஒரு தடவை பாத்துடறேன் மச்சான். அப்புறம் எங்க வேணா போட்டுக்க."

"உன்னை நடத்திக் கூட்டிட்டுப் போய் அவ வாசல்ல நிறுத்துறேன். போதுமா?"

அதற்கு ஒரு வழி இருந்தது. கப்பலின் அடியில் ஓயாமல் நீர் கசிந்தது. துறையில் நின்றாலும் பம்பை நிறுத்தக் கூடாது. பம்பு அடிப்பவன் என்றால் திடமானவன் என்று அர்த்தம். அவன் காலை யாரும் அழுத்திப் பார்ப்பதில்லை. பல்தசார் இரண்டு பேர் பெயரையும் அந்த வேலைக்குக் கொடுத்தான்.

நங்கூரம் விழுந்த மதியம், மேஸ்திரி மேலே நின்றபடி கப்பலடி இருட்டுக்குள் குனிந்தார். பல்தசார் கைப்பிடியின் இரண்டு பக்கத்தையும் தானே இழுத்து அடித்துக்கொண்டிருந்தான். தோமே மிளகு மூட்டைகளின் மேல் கிடந்தான்.

"யாருடா கீழ?"

"பல்தசாரும் தோமேயும், மேஸ்திரி."

"தோமே, உயிரோட இருக்கியா? சத்தமே காணோம்."

"பம்பு அடிக்கிறேன் மேஸ்திரி. உங்களை மாதிரி வாயால அடிக்கத் தெரியல," என்றான் தோமே படுத்தபடியே.

மேஸ்திரி சிரித்துவிட்டுப் போனார். மேலே நோயாளிகளைப் பலகையில் வைத்துப் படகில் இறக்கும் சத்தம் கேட்டது. சீமோன் என்ற பாய்மரக்காரன் போகமாட்டேன் என்று அம்மாவைக் கூப்பிட்டு அழுதான். தோமே காதைப் பொத்திக்கொண்டான்.

கப்பல் அங்கே நின்ற நாளெல்லாம் பல்தசார் வெளிச்சத்தைப் பார்க்கவில்லை. கை கொப்புளம் உடைந்து கைப்பிடி வழுக்கியது. கரைக்குப் போனவர்கள் கூடை கூடையாக எலுமிச்சையும் ஆரஞ்சும் கொண்டுவந்தார்கள். கப்பலின் நாவிதன்தான் வைத்தியன். ஈறு புண்ணுக்குப் புளிப்பு ஆகவே ஆகாது என்று அவன் சொல்லியிருந்தான். பல்தசார் ரொட்டியை ஒயினில் ஊறவைத்துக் கூழாக்கி மைத்துனனுக்கு ஊட்டினான்.

கடைசி நாள் காலையில் தண்ணீர்ப் படகுக்கு ஓர் ஆள் குறைந்தது. பல்தசாரை மேலே கூப்பிட்டார்கள். கரையில் கால் வைத்ததும் அவன் முதலில் பார்த்தது சீமோனைத்தான்.

சீமோன் நின்றுகொண்டிருந்தான். மாதாகோவிலுக்குப் பக்கத்தில் முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டி, அதில் இறங்கி, சுற்றிலும் மண்ணைத் தள்ளியிருந்தான். கையில் பாதி எலுமிச்சை. உறிஞ்சி உறிஞ்சி முகம் சுளித்தான்.

"எழுந்து நிக்கிறியா நீ?" என்றான் பல்தசார்.

"நிக்கிறேனாவா? நேத்து ஆட்டைத் துரத்தினேன். பிடிக்க முடியல, அது வேற விஷயம்."

"எப்படிடா?"

"மண்ணு. கடல்ல கெட்ட ரத்தத்தை மண்ணு இழுத்துக்குது. போன வருஷம் இறக்கினவங்க சொல்லித் தந்தாங்க. அங்க பாரு, குதிரை மாதிரி இருக்கானுங்க. காலையில ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா புதைஞ்சு நிக்கணும். வாசனையும் பிடிக்கணும்."

கப்பலிலிருந்து பீரங்கி ஒரு தரம் முழங்கியது. புறப்படும் அடையாளம்.

பல்தசார் படகிலிருந்த மரவாளியை எடுத்துவந்து மண்டியிட்டு மண்ணை அள்ளினான். சீமோன் தன் கூடையைக் காட்டினான். "எலுமிச்சை கொஞ்சம் எடுத்துக்கயேன். இங்க கீழ விழுந்து அழுகுது."

"அவன் வாய்க்குப் புளிப்பு ஆகாது. இன்னும் கொஞ்சம் மண்ணு தள்ளு."

படகு கப்பலைத் தொட்டதும் ஏறி ஓடி மேஸ்திரியின் காலில் விழுந்தான். பம்பு விஷயத்தை ஒன்றுவிடாமல் சொன்னான். "நான் பொய் சொன்னேன் மேஸ்திரி. என்னைச் சவுக்கால அடிங்க. அவனை மட்டும் கரையில இறக்கிடுங்க."

அதற்குள் நங்கூரம் ஏறிவிட்டது. பாய்கள் உப்பிவிட்டன. மேஸ்திரி தலையைத் தூக்கிக் கொடியைப் பார்த்தார்.

"இங்க காத்து எப்பவும் ஒரே பக்கம்தான்டா அடிக்கும். ஒரு கல்லெறி தூரம் விலகினா எந்தக் கப்பலும் திரும்ப முடியாது. படகை விட்டா அதுவும் நம்ம பின்னாலதான் வரும்."

இருந்தாலும் கீழே இறங்கி வந்தார். தோமேயின் காலை அழுத்தினார். விரலை எடுத்து அந்தப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஏறிப் போனார். தீவு மாலைக்குள் மறைந்துவிட்டது.

பல்தசார் மைத்துனனை மேல்தட்டுக்குத் தூக்கிவந்தான். காலையும் மாலையும் அவன் பாதங்களை வாளி மண்ணில் புதைத்தான். பிறகு வாளியை மூக்கருகே தூக்கிப் பிடித்தான்.

"மழை பேஞ்ச உப்பளம் மாதிரி வாசனை மச்சான்," என்றான் தோமே. "நம்ம ஊர் மாதிரி."

"நல்லா இழு. உள்ள போகட்டும்."

மண் காயாமலிருக்கத் தன் பங்குக் குடிநீரில் கொஞ்சம் தெளித்தான். கொஞ்ச நாளில் வாளியில் பச்சையாக ஏதோ முளைத்தது. கீரை மாதிரி சின்னச் சின்ன, தடித்த இலைகள். தோமே அதை ஆசையாகத் தடவிப் பார்த்தான்.

"அழகா இருக்குல்ல?"

"களை மாப்ளே. மண்ணுல இருக்கற சத்தை இதுவே உறிஞ்சிடும்."

பல்தசார் ஒவ்வொன்றாக, வேர் அறாமல் பிடுங்கினான். கப்பித்தானின் வெள்ளாடு பக்கத்தில் கட்டிக் கிடந்தது. அதன் முன்னால் போட்டான். மீண்டும் முளைத்தது. மீண்டும் பிடுங்கினான். ஒரு துளிர்கூட விடவில்லை.

பூமத்தியரேகை தாண்டியபின் தோமேயின் பேச்சு நின்றது. கண் மட்டும் வாளியைத் தேடும். பல்தசார் தூக்கிப் பிடிப்பான். ஒரு விடியலில் பிடித்துக்கொண்டே இருந்தான், மேஸ்திரி வந்து தோளைத் தொடும்வரை.

"போதும்டா. வாளியைக் கீழ வை."

உடலைப் பழைய பாய்மரத் துணியில் வைத்துத் தைத்துக் கடலில் இறக்கினார்கள். லிஸ்பனுக்கு இன்னும் பாதி வழி இருந்தது. வாளியைக் கவிழ்க்க யாரும் பல்தசாரிடம் சொல்லவில்லை. அவனும் கவிழ்க்கவில்லை. மண்ணில் மறுபடியும் பச்சை துளிர்த்தது. யாரும் பிடுங்காததால் அது வாளியின் விளிம்பைத் தாண்டி வளர்ந்தது. வெள்ளாடு கயிற்றை இழுத்துக்கொண்டு, தினமும் காலையில், அவனைப் பார்த்துக் கத்தியது.