எல்பியோவின் கீரைப் பை

அன்று வியாழக்கிழமை, மே மாதத்தின் நடு, எங்கள் பக்கம் குளிர்காலம் தொடங்கும் நேரம். தெற்கிலிருந்து குளிர் ஏறி வருகிறது, நாளை விடியலில் மொண்டேவீடியோவில் உறைபனி விழலாம் என்று வானொலியில் இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஊரில் மற்றவர்கள் கம்பளிச் சட்டையைத் தேடினார்கள். எங்கள் ஓட்டுநர் எல்பியோ பிளாஸ்டிக் தாளைத் தேடினார்.

நான் ரோஸ்மாரி, அவர் ஓட்டும் பேருந்தில் நடத்துநர். ஒன்பது வருஷமாக எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வண்டி, ஒரே தடம். மனைவியைப் பிரிந்த பிறகு எல்பியோ ரெதுக்தோ பக்கம் நான்காவது மாடியில் ஒரு சின்ன வீட்டில் தனியாக இருந்தார். வடக்கு பார்த்த பால்கனி, குளிர்காலத்திலும் வெயில் விழும். இரண்டு பேர் சேர்ந்து நின்றால் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. அதில் பெயின்ட் வாளி, ஐஸ்கிரீம் டப்பா, பழக்கடை மரப்பெட்டி என்று கைக்குக் கிடைத்ததிலெல்லாம் மண்ணைப் போட்டு லெட்டூஸ், அசெல்கா கீரை, வெங்காயத்தாள், பூண்டு என்று வளர்த்துக்கொண்டிருந்தார். வண்டியில் ஏறினால் அந்தப் பேச்சுதான். எந்த வாளியில் எத்தனை இலை விட்டது என்று எனக்கு மனப்பாடம்.

அன்று காலை என் கையில் ஒரு பொட்டலம் கொடுத்தார். செய்தித்தாளில் சுற்றிய காய்த் தக்காளி.

"குளிருக்கு முன்னாடி எல்லாத்தையும் பறிச்சிட்டேன். நாத்துக்கெல்லாம் பாட்டிலைப் பாதியா வெட்டித் தொப்பி மாதிரி கவுத்து வச்சாச்சு. இந்தத் தக்காளியை ஜன்னலோரம் வை, பழுத்துடும்."

"போராஹா கீரை என்ன ஆச்சு? ஒரு வாரமா அதையே சொல்லிட்டிருந்தீங்களே."

"அதையும் பறிச்சிட்டேன். பை நிறைய இருந்துச்சு. தோன்யா நிபியா வீட்டுக் கதவுல மாட்டிட்டு வந்தேன். இன்னிக்கே போண்டா போட்டுடுங்கன்னு சீட்டும் எழுதி வச்சிருக்கேன்."

தோன்யா நிபியா அவர் கட்டடத்தில் இரண்டாவது மாடிக்காரி. எழுபத்தோரு வயது, தனியாக இருப்பவர். எல்பியோ வாராவாரம் அந்த அம்மாவுக்கு ஒரு பை கீரை கொடுப்பார். அந்த அம்மாவும் சூப் எப்படி இருந்தது, வறுவல் எப்படி இருந்தது என்று விவரமாகச் சொல்லுவார். அதை எல்பியோ வந்து என்னிடம் சொல்லுவார்.

பதினொன்றே காலுக்குக் கடைசி நிறுத்தத்துக்கு வந்து சேர்ந்தோம். ஐந்து நிமிஷம் ஓய்வு. எல்பியோ தன் மகள் யானினாவுக்கு, முந்தின நாள் மாலை எடுத்த கீரைப் படத்தை அனுப்பினார். அவள் சால்ட்டோ நகரில் வேலை பார்க்கிறாள். கோடையில் பத்து நாள் அப்பாவோடு வந்து தங்கிவிட்டுப் போனவள். படம் போன உடனே ஃபோன் அடித்தது. எல்பியோ குழல் வைத்து மாத்தே தேநீரை உறிஞ்சிக்கொண்டிருந்ததால் ஒலிபெருக்கியில் போட்டார்.

"அப்பா, இது எந்த வாளியிலேர்ந்து பறிச்சது? மூலையில இருக்கிற வெள்ளை வாளியா?"

"ஆமா. நான் தூவின போராஹா அதுலதான் நல்லா வந்துச்சு."

"அது போராஹா இல்லப்பா. அதுல நான் விரலுறைப் பூ விதை போட்டேன். வசந்தத்துல பூத்தா நீங்க ஆச்சரியப்படட்டும்னு சொல்லாம விட்டேன். அந்த இலை விஷம். இதயத்தை நிறுத்திடும். சாப்பிட்டுட்டீங்களா?"

எல்பியோ மாத்தே குடுவையைக் கீழே வைக்க இடம் தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார். நான்தான் ஃபோனை வாங்கி, அப்பா சாப்பிடவில்லை, பிறகு பேசுகிறோம் என்று சொல்லி வைத்தேன்.

"ரோஸ்மாரி, அந்த அம்மா இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுது" என்றார்.

தோன்யா நிபியாவிடம் கைபேசி கிடையாது. வீட்டுத் தொலைபேசிக்கு நான்கு தடவை போட்டோம், எடுக்கவில்லை. காது கொஞ்சம் மந்தம், சமைக்கும்போது வானொலியைச் சத்தமாக வைப்பார் என்றார் எல்பியோ. மற்ற வீட்டுக்காரர்கள் எல்லாரும் வேலைக்குப் போயிருப்பார்கள்.

"ஆம்புலன்ஸைக் கூப்பிடலாமா?"

"கூப்பிட்டு என்ன சொல்றது, ஒரு அம்மா கீரை சாப்பிடப் போகுதுன்னா? ஏறு. நம்ம வண்டியே அந்தப் பக்கம்தானே போகுது. பன்னெண்டு மணிக்குத்தான் சாப்பிடும்."

மணி பதினொன்று இருபது. ரெதுக்தோவுக்கு எப்படிப் போனாலும் அரை மணி நேரம்.

எல்பியோ அப்படி ஓட்டி நான் பார்த்ததில்லை. சிவப்பு விளக்கை மீறவில்லை, ஆனால் பச்சை விழுந்த கணமே வண்டி நகர்ந்தது. நிறுத்தத்தில் நின்றவர்களை நான் படியிலேயே அவசரப்படுத்தினேன். மூன்றாவது நிறுத்தத்தில் ஏறிய ஒரு பெரியவர், அக்குளில் ஃபிளாஸ்க்கோடு, சத்தம் போட்டார்.

"என்னம்மா, ஆட்டு மந்தையா ஏத்துறீங்க? உட்கார விடுங்க."

எனக்கு மறைக்கத் தோன்றவில்லை. நடந்ததை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டேன். மருந்துக்கடையில் வேலை செய்கிறேன் என்று ஒரு பெண் முன்னால் வந்தாள்.

"அந்த அம்மா என்ன மாத்திரை சாப்பிடறாங்க?"

"தெரியாது. சின்னதா, வெள்ளையா" என்றார் எல்பியோ, கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல்.

"சில இதய மாத்திரையில இருக்கிற மருந்தே இந்தச் செடி ஜாதியிலதான் இருக்கு. மேல இதையும் சாப்பிட்டா ரெட்டிப்பாயிடும்" என்றவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "கசக்கும். ஒரு வாய் வச்சா துப்பிடுவாங்க."

"அது துப்பாது. நான் கொடுத்ததுன்னு முழுங்கிடும்" என்றார் எல்பியோ.

அதற்குப் பிறகு ஃபிளாஸ்க் பெரியவரே எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார். "அடுத்த ஸ்டாப்புல இறங்கறவங்க யாராவது இருக்கீங்களா? கொஞ்சம் தள்ளி இறங்கினா கால் தேஞ்சிடாது" என்றார். இரண்டு பேர் நாங்கள் பிறகு இறங்கிக்கொள்கிறோம் என்றார்கள். கையில் குழந்தையோடு இருந்த ஒருத்திக்கு மட்டும் நின்றோம்.

பதினொன்று ஐம்பத்து மூன்றுக்கு எல்பியோவின் தெருமுனையில் வண்டி நின்றது. ஆள்களோடு வண்டியை விட்டுவிட்டு ஓட்டுநர் இறங்கக் கூடாது. கட்டட வாசல் சாவி இருந்த கொத்தை என் கையில் திணித்தார்.

"ரெண்டாவது மாடி, இடது பக்கம். பெல் கேக்காது, கதவைத் தட்டு."

படி ஏறும்போதே எண்ணெய் காய்ந்த மணம் வந்தது. இரண்டு கையாலும் கதவைத் தட்டினேன். தோன்யா நிபியா முட்கரண்டியோடு வந்து திறந்தார். உதட்டோரம் ஒரு துணுக்கு ஒட்டியிருந்தது. பின்னால் மேசை மேல் ஒரு தட்டு. தட்டில் கீரை போண்டா.

"எத்தனை சாப்பிட்டீங்க?" என்று கேட்டேன்.

"நீ யாரு மகளே?"

"எல்பியோவோட வண்டி கண்டக்டர். அந்தக் கீரை விஷம். எத்தனை சாப்பிட்டீங்க? வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

கையைப் பிடித்து இழுத்தேன். அந்த அம்மா நகரவில்லை. என்னையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"இது அந்தக் கீரை இல்ல மகளே. சந்தையில வாங்கின அசெல்கா."

"நிச்சயமாவா?"

"நிச்சயம்தான். அவன் கொடுத்த கீரையை நான் ஒருநாளும் சமைச்சதில்ல."

நான் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது. அந்த அம்மா கேட்காமலேயே சொல்லத் தொடங்கினார்.

"பதிமூணு வருஷம் பெயின்ட் கம்பெனியில வேலை பாத்தேன். அந்த வாளிக்குள்ள என்னென்ன இருக்கும்னு எனக்குத் தெரியும். அவன் அதுல கீரை போட்டிருக்கேன்னு முதல் நாளே சொன்னான். எப்படிச் சாப்பிடுவேன்? ஆனா கொடுக்கும்போது அவன் முகத்தைப் பாத்திருக்கியா நீ? பொண்டாட்டி போன பிறகு அந்த முகத்துல வேற எதுக்கும் வெளிச்சம் வந்ததில்ல. வேணாம்னு சொல்ல வாய் வரல. ஒரு தடவை நல்லா இருந்துச்சுன்னு சொல்லிட்டேன். அப்புறம் நிறுத்த முடியல."

"அப்ப கீரையெல்லாம்?"

"கீழ தெருவுல நிறுத்தற காரையெல்லாம் பாத்துக்கறானே வில்மார், அவன் வீட்ல முயல் வளர்க்கறான். அவனுக்குக் கொடுத்துடுவேன். இன்னிக்கும் காலையிலயே கொடுத்துட்டேன்." சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே உறைத்தது. "அய்யோ, முயலுங்க."

வந்த வேகத்தை விட வேகமாக இறங்கினேன். பேருந்து ஜன்னல் முழுக்க முகங்கள். எல்பியோ கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளைவெளேரென்று இருந்தார். கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு அவரைத் தாண்டி எதிர்த்திசையில் ஓடினேன். அவர் என்ன நினைத்திருப்பாரோ தெரியாது.

வில்மார் ஆரஞ்சுச் சட்டையோடு ஒரு காருக்குப் பின்னால் நின்று, வா வா என்று கையாட்டிக்கொண்டிருந்தான். அவன் மிதிவண்டி கம்பத்தில் சாய்ந்திருந்தது. கைப்பிடியில் பை. கட்டிய முடிச்சு அப்படியே இருந்தது.

"இந்தப் பையை நான் எடுத்துக்கறேன். விஷம்."

"எடுத்துக்க. நான் சாயங்காலம்தான் வீட்டுக்குப் போவேன்" என்றான் அவன். பிறகு, "வேற ஏதாவது கொடுப்பாங்களா?" என்று கேட்டான்.

பையோடு வண்டிக்குத் திரும்பினேன். "நல்லா இருக்காங்க. சாப்பிடல" என்றேன். யாரும் கை தட்டவில்லை, கத்தவில்லை. வண்டி முழுக்க ஒரு பெருமூச்சுதான் கேட்டது. எல்பியோ ஸ்டீயரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். முதுகு குலுங்கியது. மருந்துக்கடைப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினாள். ஃபிளாஸ்க் பெரியவர் ஒரு மாத்தே ஊற்றி எல்பியோவிடம் நீட்டினார்.

"குடிச்சிட்டு எடுப்பா. நாங்க எங்கயும் ஓடிடல."

மூன்றாவது நிறுத்தத்தில் எல்பியோ கேட்டார்.

"போண்டா போடலையா?"

"போட்டாங்க. சந்தைக் கீரையில."

"என் கீரை?"

பொய் சொல்ல வழி இருந்தது. வாடிப்போயிருந்தது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் உயிர் போய் உயிர் வந்திருந்த நேரத்தில் எனக்குப் பொய் வரவில்லை.

"முயலுக்கு. எப்பவுமே முயலுக்குத்தானாம். பெயின்ட் வாளின்னு பயம்."

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். சிவப்பு விளக்கில் நின்றோம். தோள் மறுபடி குலுங்கத் தொடங்கியது, அழுகிறார் என்று நினைத்தேன். சிரிப்பு.

"ரெண்டு வருஷம். பூசணி சேத்துக் கடைஞ்சேன், மணமா இருந்துச்சுன்னு சொல்லுச்சு ரோஸ்மாரி. பூசணி சேத்துன்னு."

"கோபமா?"

"சாப்பிட்டிருந்தா இன்னிக்கு நான் எங்க நின்னிருப்பேன்? கோபம் வரட்டும், நாளைக்கு வரட்டும்" என்றார்.

மூன்று மணிக்கு வேலை முடிந்ததும் நானும் அவரோடு போனேன். குளிர் வருவதற்குள் வேலை நிறைய இருந்தது. யானினாவிடம் பேசினோம். அவள் அழுது முடித்த பிறகு, அந்தச் செடியைப் பிடுங்க வேண்டாம், பூ அழகாக இருக்கும் என்றாள். எல்பியோ வாளியில் 'விஷம்' என்று கொட்டை எழுத்தில் எழுதித் தனியாக மாடிப்படிச் சன்னலில் கொண்டுபோய் வைத்தார். பறித்த இலைகளைப் பழைய பையோடு இறுக்கிக் கட்டிக் குப்பையில் போட்டோம்.

நாலரை மணி இருக்கும். யாரோ மூச்சு வாங்கப் படியேறி வரும் சத்தம். தோன்யா நிபியா, கையில் துணி மூடிய தட்டோடு. அந்த வீட்டுக்குள் அவர் வந்தது அதுதான் முதல் தடவை. நேராகப் பால்கனிக்குப் போய்க் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு வாளியின் அடியையும் பார்த்தார்.

"இது ஆலிவ் காய் வந்த வாளி. இது நல்லது. இது ஐஸ்கிரீம், இதுவும் சரி. இது ரெண்டும் பெயின்ட். இதுல பூ போடு, திங்கறதைப் போடாதே."

"இதை ரெண்டு வருஷம் முன்னாடியே சொல்லியிருக்கலாமே, தோன்யா."

"சொல்லியிருக்கலாம். சொல்லல. திட்டணும்னா திட்டு."

எல்பியோ திட்டவில்லை. மூன்று பேரும் குனிந்து நிமிர இடமில்லாமல் இடித்துக்கொண்டு, பெயின்ட் வாளிகளில் இருந்ததையெல்லாம் மண்ணோடு காலி செய்தோம். நல்ல மண் போட்டுப் பூண்டை மரப்பெட்டியில் புதிதாக நட்டோம். கை விறைத்துப்போனது. பிளாஸ்டிக் தாளைக் கம்பியில் கட்டி முடிக்கும்போது தெற்குக் காற்று தொடங்கிவிட்டது.

உள்ளே வந்ததும் எல்பியோவுக்குத் தான் காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்பது நினைவுக்கு வந்தது. துணியை விலக்கினார். போண்டா ஆறிப்போய்க் கல் மாதிரி இருந்தது. சூடு பண்ணித் தருகிறேன் என்று அந்த அம்மா எழுந்தார். அதற்குள் எல்பியோ நின்றபடியே இரண்டு சாப்பிட்டிருந்தார்.

"உப்பு கம்மி" என்றார் வாய் நிறைய.

"ஆஸ்பத்திரியில அப்படித்தான் சாப்பிடச் சொன்னாங்க. பிடிக்கலைன்னா வை."

அவர் வைக்கவில்லை. ஒன்பது சாப்பிட்டார். எனக்கு ஒன்றே ஒன்று கிடைத்தது.